நில்லாத முயலும் பியாட்ரிக்ஸ் பாட்டரும்

வீட்டில் வளரும் முயலை நிழற்படம் எடுக்க முயன்றவர்களுக்கே அதன் தொல்லை தெரியும். நாம் கருவியைக் குறி பார்ப்பதற்குள் அது நாற்காலிக்கு அடியில் போய்விடும். இந்தத் தொல்லையை விரும்பி ஏற்று, அதனாலேயே தம் வாழ்வை மாற்றிக்கொண்டவர் பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார்.

1866-ஆம் ஆண்டு இலண்டனில் செல்வர் இல்லத்தில் பிறந்தார். பள்ளிக்கு அனுப்பப்படவில்லை, ஆசிரியைகள் வீட்டுக்கே வந்து கற்பித்தனர். தோழியர் இல்லாத அவ்வீட்டில் முயலும் எலியும் முள்ளெலியுமே அவருக்குத் துணை. தந்தை ரூப்பர்ட் நிழற்படக் கலையில் தேர்ந்தவர். ஜான் மில்லே என்னும் பெரும் ஓவியருக்கே படம் எடுத்துக் கொடுத்தவர். அவர் பயன்படுத்திக் கழித்த பழைய கருவி மகள் கைக்கு வந்தது. முக்காலி மேல் நிற்கும் அந்தக் கனத்த கருவியின் முன் மலையும் மரமும் அடங்கி நிற்கும், முயல் நிற்குமா? சற்றே அசைந்தாலும் உருவம் புகைபோல் கலங்கிவிடும். 1891-இல் தந்தை எடுத்த படத்தில் பெஞ்சமின் என்னும் முயல் வாரில் கட்டப்பட்டே காட்சி தருகிறது!

கருவிக்கு அகப்படாததைப் பென்சில் பிடித்தது. ஒரே தாளில் பெஞ்சமினின் தலையைப் பல கோணங்களில் வரைந்து வைத்தார். அதுவும் எளிதாக நடந்ததன்று. 1890-இல் வாழ்த்து அட்டைப் படங்களை விற்று 6 பவுன் பெற்றார். அந்த மகிழ்ச்சியில் பெஞ்சமினுக்கு ஒரு கோப்பை கஞ்சா விதையை விருந்தாக வைத்தார். மறுநாள் வரைய உட்கார்ந்தால், முயல் போதையில் ஒரே ஆட்டம்! படம் எழுதவே முடியவில்லை.

அடுத்து வந்தது பீட்டர். 4 ஷில்லிங் 6 பென்சுக்கு வாங்கியது. வளையத்துக்குள் பாயக் கற்றது. 1893-இல், தம் பழைய ஆசிரியையின் நோயுற்ற மகனுக்குப் பீட்டர் என்ற முயலின் கதையைப் படங்களோடு கடிதமாக எழுதினார் அம்மையார். பின்னர் அதை நூலாக்க முனைந்தபோது பதிப்பகங்கள் மறுத்தன. 1901 டிசம்பரில் தம் செலவிலேயே 250 படிகள் அச்சிட்டார். பீட்டர் அதே ஆண்டு சனவரியில் இறந்துவிட்டது. நூலைக் காண அது இல்லை. 1902-இல் வார்ன் பதிப்பகம் நூலை வெளியிட்டது.

முப்பத்தைந்து வயதைக் கடந்தும் பெற்றோர் சொற்படியே நடக்கவேண்டிய மணமாகாத மகளுக்கு, தன் பணம் என்பது சிறு செய்தியா? 1905-இல் பதிப்பாளர் நார்மன் வார்னை மணக்க இசைந்தார். வாணிகக் குடும்பம் என்று பெற்றோர் எதிர்த்தனர், அவர் பணியவில்லை. ஆனால் ஒரு மாதத்திலேயே நார்மன் நோயால் இறந்தார். அவ்வாண்டே ஏரி மாவட்டத்தில் ஹில் டாப் பண்ணையை வாங்கினார் அம்மையார். அதற்குப் பெரிதும் உதவியது நூல்கள் ஈட்டித் தந்த பணமே. 1913-இல், 47-ஆம் வயதில், வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸை மணந்தார்.

1943 டிசம்பர் 22-இல் மறைந்தபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நேஷனல் டிரஸ்டுக்கு விட்டுச் சென்றார். அவருடைய மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் இனச் செம்மறியாடுகளையே தொடர்ந்து வளர்க்க வேண்டும் என்றும் உயிலில் எழுதியிருந்தார்.