ஆர்த்துரோ டோஸ்கனினி

ஆர்த்துரோ டோஸ்கனினி (மார்ச் 25, 1867 - ஜனவரி 16, 1957) இத்தாலியைச் சேர்ந்த புகழ்பெற்ற சேர்ந்திசை நடத்துனர் ஆவார். மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கு, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக், என்.பி.சி. சிம்பொனி இசைக்குழு ஆகியவற்றில் பணியாற்றியவர். வியத்தகு நினைவாற்றலுக்காகவும், முசோலினி, ஹிட்லர் ஆட்சிகளுக்குப் பணிய மறுத்தமைக்காகவும் இவர் அறியப்படுகிறார்.

சேர்ந்திசைக் குழு ஒன்றில் நூறு கலைஞர்கள் வரை இருப்பதுண்டு. ஒவ்வொருவர் முன்னும் அவரவர் கருவிக்குரிய இசைக்குறிப்பு மட்டுமே இருக்கும். அனைத்தையும் ஒருங்கே கொண்ட முழு ஏடு நடத்துனரிடம் இருக்கும். இசையின் வேகம், ஒலியின் ஏற்ற இறக்கம், ஒவ்வொரு கருவியும் நுழைய வேண்டிய இடம் ஆகியவற்றை அவரே முடிவு செய்து, கையிலுள்ள சிறு கோலால் உணர்த்துவார். டோஸ்கனினி இந்த ஏட்டைப் பார்க்காமலேயே நடத்துவார். இவருக்குக் கடுமையான கிட்டப்பார்வை இருந்தது. மேடையில் ஏட்டைப் படிக்க இயலாததால் முழுவதையும் மனப்பாடம் செய்வது இவருக்குத் தேவையாகவே இருந்தது.

இளமையும் ரியோ டி ஜனேரோ நிகழ்ச்சியும்

டோஸ்கனினி வட இத்தாலியின் பார்மா நகரில் பிறந்தார். தந்தை கிளாடியோ ஒரு தையற்காரர். கரிபால்டியின் படையில் போரிட்டவர். பார்மா இசைக் கல்லூரியில் உதவித்தொகையுடன் செல்லோ பயின்ற டோஸ்கனினி, 1885 இல் படிப்பை முடித்தார்.

1886 இல் தென் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்த இத்தாலிய ஆப்பெராக் குழு ஒன்றில் செல்லோக் கலைஞராகவும் பாடகர் குழுவின் துணைப் பயிற்சியாளராகவும் சேர்ந்தார். ரியோ டி ஜனேரோவில் குழுவுக்கும் அதன் பிரேசில் நாட்டு நடத்துனருக்கும் இடையே பிணக்கு ஏற்பட்டு அவர் விலகினார். ஜூன் 30 அன்று வெர்டியின் ஐடா ஆப்பெராவை நடத்த வந்த மாற்று நடத்துனரை அவையோர் கூச்சலிட்டு வெளியேற்றினர். நிகழ்ச்சி நின்றுவிடும் நிலையில், சக கலைஞர்களின் வற்புறுத்தலால் 19 வயது டோஸ்கனினி மேடையேறி, ஏட்டை மூடி வைத்துவிட்டு முழு ஆப்பெராவையும் நினைவிலிருந்தே நடத்தி முடித்தார். எஞ்சிய பயணம் முழுவதும் அவரே நடத்துனராக இருந்தார்.

இத்தனைக்குப் பின்னும் இத்தாலி திரும்பியதும் செல்லோ வாசிக்கவே சென்றார் என்பது குறிப்பிடத்தக்கது. 1887 இல் லா ஸ்காலாவில் வெர்டியின் ஒத்தெல்லோ அரங்கேறியபோது, வெர்டியின் முறையை அருகிருந்து அறிவதற்காகக் குழுவில் ஒருவராக அமர்ந்து வாசித்தார்.

ஆப்பெரா அரங்குகளில்

1892 இல் லியோன்கவல்லோவின் பலியாச்சி, 1896 இல் புச்சினியின் லா போஹேம் ஆகியவற்றின் முதல் அரங்கேற்றங்களை டோஸ்கனினி நடத்தினார். 1897 இல் கார்லா டி மார்ட்டினியை மணந்தார். 1898 இல் லா ஸ்காலாவின் முதன்மை நடத்துனரானார்.

அக்கால இத்தாலிய அரங்குகளில், பிடித்த பாடலை மீண்டும் பாடுமாறு அவையோர் ஆரவாரம் செய்வதும் பாடகர் இசைவதும் வழக்கம். இது நாடகத்தின் ஓட்டத்தைக் குலைப்பதாகக் கருதிய டோஸ்கனினி அதை மறுத்தார். 1903 இல் இதனால் எழுந்த கூச்சலில் நிகழ்ச்சியின் நடுவிலேயே வெளியேறி, சில ஆண்டுகள் லா ஸ்காலா பக்கமே வரவில்லை. 1908 முதல் 1915 வரை மெட்ரோபாலிட்டன் ஆப்பெராவில் பணியாற்றினார். 1921 இல் மீண்டும் லா ஸ்காலாவின் பொறுப்பேற்றார்.

புச்சினி தமது துராந்தோத் ஆப்பெராவை முடிக்காமலேயே 1924 இல் காலமானார். இறுதிப் பகுதியை பிராங்கோ அல்பானோ எழுதி முடித்தார். ஆயினும் 1926 ஏப்ரல் 25 அன்று முதல் அரங்கேற்றத்தில், புச்சினி எழுதிய பகுதி முடிந்த இடத்திலேயே டோஸ்கனினி கோலைத் தாழ்த்தி நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார். பின்வந்த நிகழ்ச்சிகளிலேயே அல்பானோவின் முடிவு இடம்பெற்றது.

அரசியல்

டோஸ்கனினியைத் தொடக்கம் முதலே பாசிச எதிர்ப்பாளர் எனக் கூறுவது சரியன்று. 1919 தேர்தலில் மிலான் நகரில் முசோலினியின் வேட்பாளர் பட்டியலில் இவரது பெயரும் இருந்தது. அப்பட்டியலில் எவரும் வெற்றி பெறவில்லை. முசோலினி ஆட்சியைக் கைப்பற்றும் முன்னரே டோஸ்கனினி விலகிவிட்டார். பின்னர் லா ஸ்காலாவில் பாசிசக் கட்சிப் பாடலான ஜோவினெத்சாவை இசைக்க மறுத்தார்.

1931 மே 14 அன்று பொலோனா நகரில், நிகழ்ச்சிக்கு வந்திருந்த அமைச்சர்களுக்காக இப்பாடலை இசைக்க வேண்டும் என்ற கட்டளையை மறுத்ததால், அரங்கின் வாயிலில் பாசிசக் கும்பல் இவரை முகத்தில் தாக்கியது. அப்போது இவருக்கு வயது 64. அன்றிரவே மிலான் திரும்பினார். அரசு இவரது கடவுச்சீட்டைப் பறித்து வீட்டைக் கண்காணிப்பில் வைத்தது. வெளிநாடுகளில் எழுந்த கண்டனத்துக்குப் பிறகே கடவுச்சீட்டு திரும்பக் கிடைத்தது.

ஜெர்மனியில் வாக்னர் விழா நடைபெறும் பைரோய்த் நகரில் 1930, 1931 ஆண்டுகளில் டோஸ்கனினி நடத்தினார். ஜெர்மானிய மரபைச் சாராத நடத்துனர் ஒருவருக்கு அங்கு இடம் கிடைத்தது அதுவே முதல் முறை. வாக்னரின் இசையைப் பெரிதும் போற்றிய இவருக்கு அது அரிய பேறாகும். எனினும் 1933 இல் யூதக் கலைஞர்கள் ஒதுக்கப்பட்டதைக் கண்டித்து, ஹிட்லரே கடிதம் எழுதி அழைத்தும் செல்லவில்லை. இதே காரணத்தால் 1938 இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் விழாவையும் கைவிட்டார். நாஜிகளிடமிருந்து தப்பிய யூதக் கலைஞர்களைக் கொண்டு வயலின் மேதை பிரோனிஸ்லாவ் ஹூபர்மான் அமைத்த பாலஸ்தீன இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சியை, 1936 டிசம்பர் 26 அன்று டெல் அவிவ் நகரில் ஊதியம் பெறாமல் நடத்தினார்.

1938 இல் மீண்டும் கடவுச்சீட்டு பறிக்கப்பட்டுத் திரும்பப் பெற்றபின் அமெரிக்கா சென்றவர், போர் முடியும் வரை தாயகம் திரும்பவில்லை. குண்டுவீச்சில் சிதைந்து மீண்டும் கட்டப்பட்ட லா ஸ்காலாவை 1946 மே 11 அன்று இவரே திறப்பு நிகழ்ச்சி நடத்தித் தொடங்கி வைத்தார்.

வானொலியும் இசை நடத்தும் முறையும்

டோஸ்கனினிக்காகவே அமெரிக்க வானொலி நிறுவனமான என்.பி.சி. 1937 இல் ஓர் இசைக்குழுவை அமைத்தது. டோஸ்கனினி இக்குழுவை நடத்திய முதல் நிகழ்ச்சி அவ்வாண்டு கிறிஸ்துமஸ் அன்று ஒலிபரப்பாயிற்று. 1942 இல் ஷோஸ்டகோவிச்சின் ஏழாம் சிம்பொனியை அமெரிக்காவில் முதன்முதலில் இக்குழுவே இசைத்தது.

இசையமைப்பாளர் எழுதியதை எழுதியவாறே இசைக்க வேண்டும் என்பது இவரது கொள்கை. ஆனால் இவரும் டெபுசி போன்றோரின் ஏடுகளில் சிறு திருத்தங்கள் செய்ததுண்டு. ஒத்திகைகளில் இவரது சினம் பெயர் பெற்றது. கோல்களை முறித்து எறிவார். இவரது வேகம் மிகையானது எனச் சில திறனாய்வாளர் குறை கூறுவர். என்.பி.சி. பதிவுகள் பல எதிரொலியற்ற கலையகத்தில் செய்யப்பட்டவை. அவற்றின் வறண்ட ஒலிக்கு அக்கலையகமும் ஒரு காரணம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இறுதிக்காலம்

1954 ஏப்ரல் 4 அன்று கார்னகி அரங்கில் நடந்த வாக்னர் நிகழ்ச்சியே இவரது கடைசி நேரடி ஒலிபரப்பு. அன்று 87 வயது டோஸ்கனினிக்குச் சில நொடிகள் நினைவு தவறியது. கோல் அசைவது நின்றது. வானொலியார் நேரடி ஒலிபரப்பைத் துண்டித்து, பிராம்ஸின் சிம்பொனிப் பதிவு ஒன்றை ஒலிக்கச் செய்தனர். விரைவில் தெளிந்த டோஸ்கனினி நிகழ்ச்சியை நடத்தி முடித்தார். பதவி விலகல் கடிதத்தில் இதற்கு முன்பே கையெழுத்திட்டிருந்தார். என்.பி.சி. நிறுவனம் குழுவைக் கலைத்துவிட்டது. கலைஞர்கள் தாமாகவே வேறொரு பெயரில் 1963 வரை அதைத் தொடர்ந்தனர்.

1957 ஜனவரி 16 அன்று நியூயார்க்கில் காலமானார். உடல் மிலான் கொண்டு செல்லப்பட்டு, 1906 இல் சிறுவயதிலேயே இறந்த மகன் ஜார்ஜியோவுக்காக எழுப்பப்பட்ட குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.