மகாகனம் சாஸ்திரியார் போட்ட நிபந்தனை

செங்கற்பட்டுச் சீமையில் மதுராந்தகம் ஏரியின் கதையை அறியாதவர் இல்லை. 1790-களின் பிற்பகுதியில் ஓர் அடைமழைக் காலம். ஏரி உடைந்துவிடும் போலிருந்தது. ஜாகீர் கலெக்டர் லயனல் பிளேஸ் துரை, இம்முறை கரை நின்றால் தாயாருக்குச் சந்நிதி கட்டித் தருவதாக வாக்களித்தாராம். இரவில் கரைக்குப் போனபோது, வில்லேந்திய இரு வாலிபர்கள் காவல் நிற்கக் கண்டாராம். கரை நின்றது, சந்நிதியும் எழுந்தது. பெருமாளுக்கு ஏரி காத்த ராமர் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

துரை அந்த வாக்கைத் தம் தாய்மொழியில் சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பார்? தமிழில் 'கரை நின்றால்' என்ற ஒரே சொல் போதும். இங்கிலீஷில் அதற்கு இரண்டு உருவங்கள் உண்டு. வினையை நிகழ்காலத்தில் வைத்து 'ஹோல்ட்ஸ்' என்றால் அது வாக்குறுதி. கரை நிற்கவும் கூடும், நின்றால் கோயில் நிச்சயம். அதையே இறந்தகால உருவத்தில் 'ஹெல்ட்' என்று வைத்தால், கரை எங்கே நிற்கப் போகிறது என்ற அவநம்பிக்கை தொனிக்கும். ராமரே சற்று யோசித்திருப்பார்!

ஒரு வினையின் உருவம் மாறினால் வாக்கு சந்தேகமாகிவிடும் இந்தப் பாஷையை, இங்கிலீஷ்காரர்களே வியக்கும்படி ஆண்டவர் ஒரு தமிழர். அவர்தான் மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார்.

கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில், வைதிகக் குடும்பத்தில், 1869-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி பிறந்தவர். வறுமை அவருக்குப் புதிதன்று. கும்பகோணத்தில் படித்துத் தேறி, உபாத்தியாயர் வேலைக்கு வந்தார். மாயவரம், சேலம் என்று சுற்றி, முடிவில் திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் தலைமை ஆசிரியராக அமர்ந்தார். 1904-ல் தோன்றிய திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தவர்களில் அவரும் ஒருவர். அரிசி பருப்புக் கணக்கும் ஷேக்ஸ்பியரும் ஒரே தலைக்குள் இருந்தன.

அந்த நாள் ஹைஸ்கூல் வாத்தியார்களுக்குப் பெரிய தலைவலி இந்த 'இஃப்'தான். காரணம் பையன்களின் மந்தபுத்தி அன்று. நம் தாய்மொழியின் சௌகரியம். நாளைக்குக் கலெக்டர் மாமல்லபுரம் வந்தால் சாலையைச் செப்பனிடுவார்கள் என்கிறோம். நரசிம்மவர்மன் இன்று மாமல்லபுரம் வந்தால் கடற்கரைக் கூட்டத்தைக் கண்டு திகைப்பான் என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் 'வந்தால்'தான். கலெக்டர் வரக்கூடியவர், பல்லவ மன்னன் வரப் போவதில்லை. வித்தியாசம் கேட்பவனுக்கே விளங்கிவிடுகிறது, சொல்லில் காட்ட வேண்டியதில்லை. இங்கிலீஷில் காட்டியே தீரவேண்டும். கலெக்டருக்குக் 'கம்ஸ்', மன்னனுக்குக் 'கேம்', அல்லது 'வேர் டு கம்'. அங்கே இறந்தகால உருவம் காலத்தைக் குறிப்பதன்று. உண்மையிலிருந்து விலகி நிற்பதைக் குறிப்பது. 'ஐ வாஸ்' என்று நெட்டுருப் போட்ட பையனை, 'இஃப் ஐ வேர்' என்று எழுதச் சொன்னால் விழிக்க மாட்டானா?

நடந்து முடிந்ததை மாற்றி நினைக்கும்போது மட்டும் இரு பாஷைகளும் ஒத்துப் போகின்றன. மழை பெய்திருந்தால் ஏரி நிரம்பியிருக்கும் என்று நாமும் தனி உருவம் கொடுக்கிறோம். ஆனால் அங்கேயும் நம்மவர் 'இஃப்' பக்கத்திலேயே ஒரு 'உட்'டைச் செருகிவிடுவார்கள். 'உட்' மறுபாதிக்கு உரியது.

1907-ல் சாஸ்திரியார் பள்ளிக்கூடத்தை விட்டார். கோபால கிருஷ்ண கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, 1915-ல் கோகலே மறைந்ததும் அதன் தலைவரானார். மறுவருஷம் மத்திய சட்டசபையில் நுழைந்தார். சட்டசபைத் தீர்மானங்களின் இலக்கணம் இன்னொரு வகை. மசோதா கமிட்டிக்கு அனுப்பப்பட வேண்டும் என்று பிரேரணை செய்யும்போது 'இஸ்' வராது, வெறும் 'பீ'தான். நடப்பதைச் சொல்வதன்று, நடக்க வேண்டுமென்று கோருவது அது.

1919 பிப்ரவரியில் ரௌலட் மசோதா வந்தது. விசாரணையின்றிச் சிறையிலிட அதிகாரம் கேட்ட மசோதா. சாஸ்திரியார் எழுந்து எதிர்த்துப் பேசினார். கெட்ட சட்டம் ஒன்று நிறைவேறினால் அது கெட்டவர்கள் மேல் மட்டும் பாயாது என்பதே அவர் வாதத்தின் சாரம். இந்தியப் பிரதிநிதிகளின் எதிர்ப்பையும் மீறி மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலாபாக். அன்று கேட்டிருந்தால் என்று பின்னால் பலரும் நினைத்தார்கள். அதற்குள் அது மூன்றாம் வகை வாக்கியமாகிவிட்டது.

ஆனாலும் அவர் சத்தியாக்கிரகத்தை ஏற்கவில்லை, ஒத்துழையாமையையும் ஏற்கவில்லை. நியாயத்தை நல்ல இங்கிலீஷில் எடுத்துச் சொன்னால் வெள்ளையன் கேட்பான் என்ற நம்பிக்கை அவரை விடவில்லை. அந்த நம்பிக்கை மிகையானது என்றே இன்று நமக்குப் படுகிறது. 1921-ல் பிரிவி கௌன்சிலர் பதவி வந்தது. 'மகாகனம்' என்ற அடைமொழி அதனால் வந்ததே. வெள்ளி நா படைத்தவர் என்று லண்டன் கொண்டாடியது. காங்கிரஸ்காரர்கள் ஏளனம் செய்தார்கள். 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய ஏஜெண்டாக இருந்து, டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்குக் கல்லூரி எழக் காரணமானார். அது இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1935 முதல் ஐந்து வருஷம் அண்ணாமலைப் பல்கலைக் கழகத் துணைவேந்தர்.

காந்திஜி அவரைவிடப் பத்தே நாள் இளையவர். அரசியலில் இருவரும் எதிரெதிர்த் துருவம், கடிதத்திலோ சகோதரர்கள். காந்திஜி குஜராத்தியில் எழுதிய சுயசரிதையை மகாதேவ தேசாய் இங்கிலீஷில் மொழிபெயர்த்து, 1927-லும் 1929-லும் இரு பாகங்களாக வெளியிட்டார். அதை வரிவரியாகத் திருத்தித் தரும் பொறுப்பு சாஸ்திரியாரிடம் வந்தது.

எவ்வளவு தர்மசங்கடமான வேலை! தாம் ஒப்புக்கொள்ளாத வழியில் நடந்தவரின் சத்திய சோதனை அது. விரதமும் பிரதிக்ஞையும் நிறைந்த புத்தகம். அதில் 'ஹோல்ட்ஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஹெல்ட்' விழுந்தால் காந்திஜியின் உறுதி உலகத்தின் கண்ணில் தயக்கமாகிவிடும். திருத்துகிறவர் தம் அபிப்பிராயத்தைச் சிறிது கலந்தாலும் குற்றம். சாஸ்திரியார் சம்மதித்தார், ஒரு நிபந்தனையும் போட்டார். தம் பெயர் எக்காரணத்தாலும் வெளியாகக் கூடாது.

1940-ல் திருத்திய பதிப்பு வந்தபோது, மதிப்புக்குரிய ஒரு நண்பர், இங்கிலீஷில் பெரும் புலமை உடையவர், திருத்தித் தந்ததாக மகாதேவ தேசாய் முன்னுரையில் நன்றி கூறினார். நிபந்தனையையும் குறிப்பிட்டு, பெயரை விட்டுவிட்டார். 1942-ல் தேசாய் காலமானார்.

1946 ஜனவரியில் காந்திஜி சென்னைக்கு வந்தார். ஜெனரல் ஆஸ்பத்திரியில் நோயுற்றுக் கிடந்த சாஸ்திரியாரைத் தேடிப் போய்ப் பார்த்தார். ஏப்ரல் 17-ந் தேதி சாஸ்திரியார் கண்மூடினார். அந்த நண்பர் யார் என்பதைப் பின்னர் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். தேசாயின் முன்னுரையில் அந்தப் பெயர் இல்லை.