கிறிஸ்து படத்தில் கண்ணனைக் கண்டவர்!

இந்தியத் திரைப்படத் தொழிலின் தந்தை என்று போற்றப்படுபவர் தாதா சாகேப் பால்கே. அவரை இத்தொழிலுக்கு இழுத்து வந்தது புராணப் படம் அல்ல. ஏசுநாதரின் வாழ்க்கையைச் சித்திரிக்கும் ஓர் ஊமைப் படம்தான்!

நாசிக் அருகே, சிவத்தலமான திரியம்பகேசுவரத்தில் 1870-ஆம் ஆண்டு வைதிகக் குடும்பத்தில் பிறந்தவர் பால்கே. ஓவியம், போட்டோ, அச்சுக்கலை, ஜாலவித்தை எல்லாம் கற்றார். கூட்டாளிகளுடன் மனஸ்தாபம் ஏற்பட்டு அச்சகத்தை விட்டு விலகியபோது அவருக்கு வயது நாற்பது.

அந்தச் சமயத்தில்தான் பம்பாய்க் கொட்டகை ஒன்றில் அந்தப் படத்தைப் பார்த்தார். திரையில் ஏசுநாதர் நடமாடினார். பால்கேயின் மனத்திலோ கண்ணனும் இராமனும் நடமாடினர். கோகுலமும் அயோத்தியும் தோன்றின. நம் தெய்வங்களை நம் மக்கள் இப்படித் திரையில் காணும் நாள் வருமா என்று ஏங்கினார். மறுநாளே மனைவி சரசுவதி பாயையும் அழைத்துச் சென்று படத்தைக் காட்டினார்.

அதன்பின் உறக்கம் ஏது? ஓயாமல் படங்களைப் பார்த்து ஆராய்ந்ததில் கண்பார்வையே மங்கிவிட்டது. சிகிச்சைக்குப் பிறகுதான் பார்வை திரும்பியது. அப்போதும் அவர் பின்வாங்கவில்லை. இன்ஷூரன்ஸ் பாலிசியை ஈடு வைத்து, 1912-இல் லண்டன் சென்று தொழில் கற்றுத் திரும்பினார். மனைவியின் நகைகளும் முதலாயின. படக்குழுவினர் அனைவருக்கும் சமைத்துப் போட்டதும் அந்த அம்மையாரே!

1913-ஆம் ஆண்டு மே 3-ந் தேதி 'ராஜா ஹரிச்சந்திரா' பம்பாயில் திரையிடப்பட்டது. பெண்கள் நடிக்க முன்வராததால், தாராமதியாக சாளுங்கே என்ற ஆடவர் நடித்தார். 1917-இல் 'லங்கா தகனம்' வெளிவந்தது. திரையில் இராமன் தோன்றியதும் ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டனராம்!

நெஞ்சில் கண்ட கண்ணன் திரைக்கு வந்தது 1918-இல், 'ஸ்ரீ கிருஷ்ண ஜன்மா' படத்தில். மறு ஆண்டு 'காளிய மர்த்தன'த்தில் பால்கேயின் சிறுமகள் மந்தாகினியே பாலகிருஷ்ணனாக நடித்தாள்.

பேசும் படங்கள் வந்தபின் பால்கேயின் புகழ் மங்கியது. 1944-இல் நாசிக்கில் காலமானார். 1969 முதல் அவர் பெயரால் மத்திய அரசு விருது வழங்கி வருகிறது.

பிற சமயத்தாரின் தெய்வத்தைக் கண்டு அவர் முகம் சுளிக்கவில்லை. தம் சமயத்தை விடவும் இல்லை. கைதட்டி ரசித்தார். அந்த ரசனையே அவருடைய சொந்த பக்திக்குத் தூண்டுகோல் ஆயிற்று.