மஹாதேவி வர்மாவின் பெரிய குடும்பம்

ஹிந்தி இலக்கியத்தில் சாயாவாதம் என்ற கவிதை இயக்கத்துக்கு நான்கு தூண்கள் என்று சொல்வார்கள். ஜயசங்கர் பிரசாத், சூர்யகாந்த் திரிபாடி நிராலா, சுமித்ரானந்தன் பந்த், மஹாதேவி வர்மா. நால்வரில் ஒரே பெண்மணி மஹாதேவி. அவருடைய கவிதையைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவன். ஹிந்தி என்பது மத்திய அரசு உத்தியோகத்தில் சேர்ந்த பிறகு பிரபோத், பிரவீண், பிராக்யா பரீட்சைகளுக்காகக் கற்றுக்கொண்டதுதான். ஆனால் அலகாபாத்தில் அவர் வீட்டில் வாழ்ந்த ஜீவன்களைப் பற்றி அவரே எழுதி 1972-ல் வெளிவந்த 'மேரா பரிவார்' என்ற சிறிய புத்தகத்தைப் படிக்க அந்த ஹிந்தி போதும். மேரா பரிவார் என்றால் என் குடும்பம். டில்லியில் என் பேரன் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது அதில் ஒரு அத்தியாயம் அவனுக்குப் பாடமாக வந்தது. பாடம் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தவன், முழுப் புத்தகத்தையும் வாங்கிப் படித்து முடித்தேன்.

மஹாதேவி 1907-ம் ஆண்டு மார்ச் 26 அன்று உத்தரப் பிரதேசத்தில் ஃபரூகாபாதில் பிறந்தார். பல தலைமுறைகளாகப் பெண் குழந்தையே பிறக்காத வம்சத்தில் பிறந்தவர் என்பதால் குலதெய்வமான தேவியின் பெயரையே பாட்டனார் வைத்தாராம். அக்கால வழக்கப்படி சுமார் 9 வயதில் விவாகம் நடந்தது. ஆனால் அலகாபாத் கிராஸ்த்வெய்ட் பெண்கள் கல்லூரியில் சேர்ந்து படித்த பெண், படிப்பு முடிந்ததும் புக்ககம் செல்ல மறுத்துவிட்டார். 1932-ல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் ஸம்ஸ்கிருதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். பிரயாக் மஹிளா வித்யாபீடத்தின் முதல்வராகப் பொறுப்பேற்று, அந்த ஸ்தாபனத்தை வளர்ப்பதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். வெள்ளைக் கதர்ப் புடவையே அவர் உடை. 1956-ல் பத்ம பூஷண், 1982-க்கான ஞானபீடப் பரிசு ஆகிய கௌரவங்கள் அவரைத் தேடி வந்தன. 1987 செப்டம்பர் 11 அன்று அலகாபாத்திலேயே காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் விருதும் அறிவிக்கப்பட்டது.

பிராணிகளிடம் பிரியம் வைப்பவர்கள் மனிதர்களை மறந்துவிடுவார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. மஹாதேவி விஷயத்தில் அது செல்லாது. பெண்களின் அடிமை நிலையைப் பற்றிய அவருடைய கட்டுரைகள் 1942-ல் நூலாக வந்தன. கங்கைக்கு அக்கரையில் ஜூஸி பக்கம் போய், ஏழைக் குழந்தைகளை மரத்தடியில் உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். வேலைக்காரர்கள், அநாதைப் பெண்கள், கிராமத்து ஏழைகள் ஆகியோரின் வாழ்க்கைச் சித்திரங்கள்தான் அவருடைய உரைநடையில் மிகவும் பேசப்படுபவை. அதே கண்தான் பிராணிகளையும் பார்த்தது.

குழந்தைப் பருவத்திலேயே நிக்கி என்ற கீரிப்பிள்ளை, ரோஜி என்ற நாய், ராணி என்ற குதிரை ஆகியவை அவருக்குத் தோழர்கள். பிற்காலத்தில் அலகாபாத் வீட்டில் ஹேமந்த், பஸந்த், ஃப்ளோரா, கஜ்லி, நீலு என்று நாய்கள். கோதூலி, சித்ரா என்று பூனைகள். வலைக்கம்பி அடித்த பெரிய கூண்டறையில் முயல்களும் புறாக்களும் மயில்களும். இவற்றில் பல, தாயை இழந்தோ காயம்பட்டோ வந்து சேர்ந்தவை.

கில்லு என்ற அணிலின் கதையைப் பார்ப்போம். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை இரண்டு காக்கைகள் பூந்தொட்டிக்கு அருகில் கொத்திக்கொண்டிருந்தன. இனி அது பிழைக்காது, விட்டுவிடுங்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மஹாதேவி அதை அறைக்குள் எடுத்துவந்து, பஞ்சினால் ரத்தத்தைத் துடைத்து, பெனிசிலின் களிம்பு தடவினார். பஞ்சுத் திரியைப் பாலில் நனைத்து வாயருகே வைத்தால் வாய் திறக்கவில்லை. பல மணி நேரம் கழித்து ஒரு சொட்டு நீர் உள்ளே போயிற்று. மூன்றாம் நாள் அது அவருடைய விரலைப் பற்றிக்கொண்டது. இந்த நிதானத்தை விலங்கியல் படித்தவன் என்ற முறையில் நான் வியக்கிறேன். பிறந்த குட்டிகளுக்கு அவசரப்பட்டுப் பால் புகட்டினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். நல்லெண்ணத்துடன் எடுத்து வளர்க்கும் குட்டிகள் பல இப்படித்தான் இறந்துபோகின்றன.

ஜன்னலில் கம்பியால் தொங்கவிட்ட பூக்கூடைதான் கில்லுவின் வீடு. முதல் வசந்த காலத்தில் மற்ற அணில்கள் ஜன்னலுக்கு வெளியே வந்து கூப்பிட்டபோது, வலையின் ஒரு மூலையில் ஆணிகளைப் பிடுங்கி அதற்கு வழி செய்துவிட்டார். பகலெல்லாம் வெளியே சுற்றிவிட்டு மாலையில் அது தானாகவே திரும்பி வந்தது. பற்று வைத்த பிறகும் கதவைத் திறந்து விட்டார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மோட்டார் விபத்தில் காயமடைந்து அவர் சில நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீடு திரும்பியபின் கூடையைச் சுத்தம் செய்தால், அதற்கு மிகவும் பிடித்த முந்திரிப் பருப்புகள் தின்னப்படாமல் கிடந்தன. அணிலின் ஆயுள் ஏறக்குறைய 2 வருஷம்தான். கடைசி இரவில் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டே இருந்து விடியும் வேளையில் போய்விட்டது. அதற்குப் பிரியமான பூங்கொடியின் கீழே புதைத்தார்.

மயில் நீலகண்டனை, பறவை விற்பவரிடம் ஜோடியாக 35 ரூபாய் கொடுத்து வாங்கினார். அது வளர்ந்து கூண்டறைக்கே காவலனாயிற்று. ஒரு நாள் பாம்பு ஒன்று முயல் குட்டியை விழுங்கத் தொடங்கியபோது, பாம்பைக் கொத்திக் கொன்று, குட்டியைச் சிறகுக்குள் வைத்துக் காத்தது. பின்னர், கால் முறிந்த ஒரு பெண் மயிலை 7 ரூபாய்க்கு வாங்கிவந்து வைத்தியம் செய்து குப்ஜா என்று பெயரிட்டார். ஆனால் குப்ஜா மற்றப் பெண் மயிலான ராதாவைக் கொத்தியது. அதன் முட்டைகளை உடைத்தது. கூண்டறையில் நிம்மதி போயிற்று. சில மாதங்களில் நோய் எதுவும் தெரியாமலே நீலகண்டன் இறந்து கிடந்தது. தம் சால்வையில் சுற்றி எடுத்துச் சென்று சங்கமத்தில் விட்டார்.

ஸோனா என்ற மான் குட்டியின் தாய் வேட்டைக்காரர்களால் கொல்லப்பட்டது. ஃப்ளோரா என்ற நாய் குட்டி போட்டபோது அந்த நாய்க்குட்டிகளோடு மானும் படுத்துக்கொள்ளும். மஹாதேவி பத்ரிநாத் யாத்திரை சென்றார். அவர் இல்லாத வீட்டில் மான் நிலைகொள்ளாமல் வெளியே ஓடப் பார்த்தது. பாதுகாப்புக்காகத் தோட்டக்காரர் நீண்ட கயிற்றில் கட்டிவைத்தார். ஒரு நாள் கயிற்றின் அளவை மறந்து உயரத் தாவி, இழுபட்டு விழுந்து உயிரை விட்டது.

கௌரா என்ற பசுவின் முடிவு இன்னும் கொடியது. தங்கை வீட்டிலிருந்து வந்த பசு அது. கன்று போட்டபின் தாராளமாகப் பால் கொடுத்தது. கறக்கும் நேரத்தில் வீட்டு நாய்களும் பூனைகளும் எதிரே வரிசையாக உட்கார்ந்து தத்தம் பாத்திரத்தில் பால் வாங்கிக் குடிக்குமாம். முன்பு அந்த வீட்டுக்குப் பால் விற்றுவந்தவரையே கறக்க அமர்த்தினார்கள். சில மாதங்களில் பசு தீவனம் எடுக்காமல் மெலிந்தது. வெளியூர்களிலிருந்தும் கால்நடை மருத்துவர்கள் வந்து பார்த்து, வெல்லத்துக்குள் வைத்து யாரோ ஊசி ஊட்டிவிட்டார்கள் என்று கண்டுபிடித்தார்கள். பசு இறந்தால் மீண்டும் பால் விற்கலாம் என்ற கணக்கு. பால்காரர் மறைந்துவிட்டார். மாடு மென்று பார்த்து விழுங்குவதில்லை. விழுங்கிய இரும்பு இரண்டாவது இரைப்பையில் தங்கும். இரைப்பை சுருங்கும்போதெல்லாம் ஊசி முன்னால் நகரும். நடுவே உதரவிதானம் ஒன்றுதான். அதைத் தாண்டினால் இருதயம். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தும், கடைசி விடியற்காலை வரை மஹாதேவி அதன் அருகிலேயே இருந்தார்.

இத்தனை துக்கத்துக்குப் பிறகும் அவர் வாசலை மூடவில்லை. இனி மான் வளர்ப்பதில்லை என்று தீர்மானித்திருந்தவர், தெரிந்தவர் வீட்டுப் பெண் ஒரு மான் குட்டிக்கு இடம் கேட்டபோது என்ன செய்வதென்று தவித்ததிலிருந்துதான் ஸோனாவின் கதையை எழுதத் தொடங்குகிறார். நடந்ததை மறைக்காமல் எழுதியிருப்பதுதான் இந்தப் புத்தகத்தின் பெருமை. ஒரு ஜீவனை வீட்டுக்குள் கொண்டுவருவது ஒரு நாள் இரக்கம். அதைக் காப்பது நாம் ஊரில் இல்லாத நாட்களுக்கும் சேர்த்து ஏற்கும் பொறுப்பு. அவரைப் போன்றவருக்கே அந்தப் பொறுப்பில் இடைவெளி விழுந்தது என்றால் நம் போன்றவர்கள் யோசிக்கத்தான் வேண்டும்.

நான் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு குடும்பம் பையனின் பிறந்த நாளுக்கு உயர்ஜாதி நாய்க்குட்டி வாங்கியது. 3 வருஷத்தில் வெளிநாட்டில் வேலை கிடைத்துக் கிளம்பினார்கள். நாயைக் காவலாளியிடம் விட்டுப் போனார்கள். ஏ.சி. அறையில் வளர்ந்த அது, கோடையில் வாசல் கேட்டருகே ஒவ்வொரு காரையும் எழுந்து பார்க்கும். கடைசியில் தனியாக வாழும் 70 வயதுப் பெண்மணி ஒருவர் அதை எடுத்துக்கொண்டார். தமக்குப் பின் யார் பார்ப்பது என்பதைத் தம் மருமானிடம் பேசி முடிவு செய்த பிறகே எடுத்தார். அவரிடம் எனக்கு மிகுந்த மரியாதை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மயிலையும் மானையும் இன்று வீட்டில் வளர்க்க முடியாது. அடிபட்டதைக் கண்டால் வனத்துறையிடம் சேர்க்க வேண்டும். நாயும் பூனையும் அப்படியல்ல. தெருவில் கிடக்கும் குட்டிக்கு இடம் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் கருத்தடை அறுவையும் செய்துவிட்டால் பயமும் இல்லை. நாயின் ஆயுள் 10 முதல் 15 வருஷம். பூனை அதற்கு மேலும் இருக்கும். நம் வயதையும், பிள்ளைகளின் உத்தியோக மாற்றங்களையும், அமெரிக்கப் பயணங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பார்த்துவிட்டு எடுத்து வளர்க்கலாம்.

அது முடியாதவர்கள் மாடியில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைக்கலாம். தெரு நாய் ஒன்றுக்குத் தடுப்பூசிச் செலவை ஏற்கலாம். 'மேரா பரிவார்' எளிய ஹிந்தியில் எழுதப்பட்டது. ஹிந்தி தெரிந்த பேரன் பேத்திகள் இருந்தால், மாலையில் ஒரு அத்தியாயம் வீதம் அவர்களைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.