கருவாட்டில் புழு எங்கிருந்து வருகிறது? சோதித்துச் சொன்ன பிரான்செஸ்கோ ரெடி

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் மீன் காயப்போடுபவரா நீங்கள்? வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்து வெயில் சரியாக அடிக்காத நாட்களில், மீனின் செவுளுக்குள் வெள்ளைப் புழு நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். மீன் புழுத்துவிட்டது என்கிறோம். கேட்டால், மீனே புழுவைப் பெற்றதுபோல் இருக்கும். சுமார் 350 ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவில் படித்தவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். அழுகும் இறைச்சியில் புழு தானாக உண்டாகிறது என்ற அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி.

1626-ல் அரெஸ்ஸோ என்ற ஊரில் பிறந்த ரெடி, பீசா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1647-ல் பட்டம் பெற்றார். பின்னர் புளோரன்ஸ் நகரில் மெடிசி அரச குடும்பத்தின் மருத்துவரானார். யார் சொன்னாலும் தானே செய்து பார்த்த பிறகுதான் நம்புவார். விரியன் பாம்பின் விஷம் பித்தப்பையில் இருப்பதாகப் பலர் எண்ணிய காலத்தில், அது பல்லின் வழியே வருகிறது என்று 1664-ல் எழுதினார்.

அடுத்து ஈயின் பக்கம் திரும்பினார். வாய் அகன்ற நான்கு குடுவைகளில் செத்த பாம்பு, மீன், விலாங்கு, கன்றின் இறைச்சி ஆகியவற்றைப் போட்டு இறுக மூடினார். இன்னும் நான்கு குடுவைகளில் அதேபோல் போட்டுத் திறந்தே வைத்தார். திறந்த குடுவைகளில் ஈ போய் வந்தது, புழு வைத்தது. மூடியவற்றில் இறைச்சி அழுகியது, புழு இல்லை.

காற்று போகாததால்தான் புழு வரவில்லை என்று யாரும் சொல்லிவிடக்கூடாது அல்லவா? அதனால் குடுவையின் வாயை மெல்லிய வலைத்துணியால் கட்டினார். அந்தத் துணியின் மேலேயே புழுக்கள் வந்து, உள்ளே நுழையப் பார்த்தன. அந்தக் குடுவையைச் சுற்றி இன்னொரு வலைக்கூண்டும் வைத்திருந்தார். இறைச்சியில் புழு வரவில்லை. புழுக்களை வளர்த்தும் பார்த்தார். அவை அசையாத கூட்டுப்புழுவாகி, பிறகு ஈயாக வெளிவந்தன. இவற்றையெல்லாம் 1668-ல் நூலாக வெளியிட்டார்.

அவருக்கும் ஒரு சறுக்கல் உண்டு. மரங்களில் வரும் முடிச்சுக்குள் இருக்கும் புழுவை மட்டும் மரமே உண்டாக்குகிறது என்று எண்ணினார். அதுவும் பூச்சியின் முட்டையிலிருந்து வருவதுதான் என்று மால்பிகி என்ற இன்னொரு இத்தாலியர் பிறகு காட்டினார். 1684-ல் விலங்குகளின் உடலுக்குள் வாழும் புழுக்களைப் பற்றியும் எழுதிய ரெடி, கவிஞராகவும் பெயர் பெற்றவர். 1697-ல் பீசாவில் காலமானார்.

இனி உங்கள் களத்துக்கு வருவோம். நம் ஊர் வெயிலில் ஈயின் முட்டை ஒரு நாளுக்குள் பொரியும். புழு நான்கைந்து நாள் தின்று வளர்ந்து, காய்ந்த மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். முட்டை முதல் ஈ வரை பத்து நாள் போதும். எனவே:

• மீனை மணலில் பரப்பாமல், உயர்த்திக் கட்டிய பரண் மேல் காயவையுங்கள். மணல்தான் கூட்டுப்புழுவுக்கு வீடு.

• முதல் நாள் ஈரம்தான் ஆபத்து. குடல், செவுளை நீக்கிக் கழுவி, போதிய உப்பிட்டு, ஈக்கள் புகாத நெருக்கமான வலையால் மூடுங்கள். ரெடியின் துணியை நினைவில் வையுங்கள்: வலை மீனைத் தொட்டால், அதன் மேல் இட்ட முட்டையே மீனுக்குள் புழுவாக இறங்கும். இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.

• குடல், செதில் கழிவை அன்றன்றே ஆழப் புதையுங்கள். எருக்குழியை வாரம் ஒருமுறை கிளறி மூடுங்கள்.

• கருவாட்டின் மேல் பூச்சிமருந்து தெளிக்கவே கூடாது. அது சாப்பிடுபவரின் உடலுக்குள் போகும்.

ஆட்டின் புண்ணில் புழு வைப்பதும் இப்படித்தான். சிறு காயமாக இருக்கும்போதே கழுவி மருந்திடுங்கள். புழு வைத்துவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஈயை அண்டவிடாவிட்டால் புழுவும் இல்லை.