கடலுக்கு ஒளி தந்த பிரெனெல்

வெளிச்சவீடு என்றதும் கோபுரமே கண்முன் தோன்றுகின்றது. அதன் உச்சியில் இருக்கும் கண்ணாடியை நாம் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. அக்கண்ணாடிக்கு வடிவம் தந்த ஒகஸ்டின் பிரெனெல், 1788 மே 10ஆம் திகதி பிரான்ஸின் நோர்மண்டிப் பகுதியில் பிறந்தவர். எட்டு வயதாகியும் சரளமாக வாசிக்க இயலாதிருந்த அப்பிள்ளை, பிற்காலத்தில் வீதிகளையும் பாலங்களையும் அமைக்கும் அரச பொறியியலாளரானார்.

1815இல் எல்பா தீவிலிருந்து திரும்பி ஆட்சியைக் கைப்பற்றிய நெப்போலியனை எதிர்த்தமையால் அவர் பதவியிழந்தார். தாயாரின் இல்லத்தில் கண்காணிப்பின் கீழ் வாழ்ந்த அக்காலத்திலேதான் ஒளி பற்றிய ஆய்வில் தீவிரமாக இறங்கினார். ஒளி அலையாகப் பரவுகின்றது என வாதிட்ட அவரது கட்டுரைக்கு 1819இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் பரிசளித்தது. நடுவர்களிலேயே துகள் கொள்கையில் ஊறியவர்கள் இருந்தமையால் இதனைச் சாதாரண வெற்றியாக நாம் கருதவில்லை.

அதே ஆண்டில் வெளிச்சவீட்டு ஆணைக்குழுவின் பணி அவரைத் தேடிவந்தது. அந்நாளில் எண்ணெய் விளக்கின் பின்னால் வைக்கப்பட்ட உலோக ஆடிகள், ஒளியில் ஏறத்தாழ அரைவாசியை விழுங்கிவிடும். கப்பல்களோ இருளில் பாறைகளில் மோதிச் சிதைந்தன. கண்ணாடி வில்லை கூடுதல் ஒளியைக் கடத்தும். எனினும் போதிய அளவு பெரிய வில்லை பெரும் பாரமாகிவிடும். அதன் தடிப்பே ஒளியை மங்கச் செய்யும். ஒளியைத் திருப்புவது மேற்பரப்பின் சாய்வேயன்றித் தடிப்பல்ல என்பதைக் கொண்டு பிரெனெல் இதற்கு வழி கண்டார். நடுவே ஒரு சிறு வில்லை, அதனைச் சுற்றி வெவ்வேறு சாய்வுகளில் தீட்டிய கண்ணாடி வளையங்கள் எனப் படிப்படியாக அமைத்தார். சிதறிச் செல்லும் கதிர்கள் ஒரே கற்றையாகிக் கடலை நோக்கின. இத்தகைய எண்ணம் முந்திய நூற்றாண்டில் பியூபோன் என்ற அறிஞருக்கும் உதித்ததுண்டு. அதனை வெளிச்சவீட்டில் ஏற்றி எரியவைத்த பெருமை பிரெனெலையே சாரும்.

1823 ஜூலையில், ஜிரோந்து ஆற்று முகத்துவாரத்தில் கடல் நடுவே நிற்கும் கோர்துவான் வெளிச்சவீட்டில் அவரது வில்லை ஒளிர்ந்தது. 30 கிலோமீற்றருக்கு அப்பாலும் அது தெரிந்தது.

ஆனால், காசநோய் அவரை விடவில்லை. 1824இன் பின்னர் பரீட்சகர் பதவியைத் துறந்து, எஞ்சிய வலுவை வெளிச்சவீடுகளுக்கே செலவிட்டார். பிரெஞ்சுக் கரையெங்கும் 51 வெளிச்சவீடுகளை அமைக்கும் திட்டம் 1825இல் ஏற்கப்பட்டது. அது நிறைவேறுவதைக் காண அவர் இருக்கவில்லை. 1827 ஜூலை 14ஆம் திகதி, 39ஆவது வயதில் காலமானார். விட்ட பணியைச் சகோதரர் லெயோனோர் பொறுப்பேற்றார்.