திருநீறு விளங்க வாழ்ந்த நாவலர் பெருமான்

யாழ்ப்பாணத்து நல்லூரிலே 1822ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18ஆம் நாள், கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் ஆண்மக்களுள் இளையவராக ஆறுமுகம் பிறந்தார். தந்தையார் தமிழ்ப் புலமை உடையவர், நாடகங்கள் இயற்றியவர். ஒரு நாடகத்தை எழுதி முடிக்காமலே அவர் காலமாகிவிட, அப்போது ஒன்பது வயதே நிரம்பியிருந்த சிறுவர் எஞ்சிய பகுதியைப் பாடி நிறைவு செய்தார் என்று வரலாறு கூறும். பிற்காலத்தில் நாவலர் என்று நாடே அழைக்கப்போகும் ஒருவருக்கு வீடு அளித்த முதற் சீதனம் தமிழ்.

வீட்டுக்கு வெளியே இருந்த உலகம் வேறு. போர்த்துக்கீசர் ஆட்சியில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. அவர்களுக்குப்பின் வந்த ஒல்லாந்தர் காலத்தில், வெளியே கிறித்தவப் பெயரும் உள்ளே சிவ வழிபாடுமாகப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் வழிபாட்டுக்குத் தடை நீங்கியது. ஆனால் நெருக்குதல் வேறு வடிவம் கொண்டது. ஆங்கிலம் கற்றால்தான் உத்தியோகம். ஆங்கிலம் கற்பிக்கும் பாடசாலைகளோ மிஷனரிமார் கையில். பிள்ளை படிக்க வேண்டும் என்று விரும்பிய சைவக் குடும்பம், அவனை அங்கேதான் அனுப்பியாக வேண்டும். படித்து முடித்து வருபவன் எப்பெயரோடு வருவான் என்பது பெற்றோருக்கு நிச்சயமில்லை. வற்புறுத்தலைவிட இந்த நயமான நெருக்குதலே வலிமை மிக்கது.

ஆறுமுகமும் யாழ்ப்பாண நகரத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் சேர்ந்தார். முன்னரே சேனாதிராய முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகியோரிடம் தமிழ் கற்றவர் அவர். பாடசாலைத் தலைவர் பேர்சிவல் பாதிரியார் அவருடைய அறிவை உணர்ந்து, பத்தொன்பது வயதிலேயே அவரை ஆசிரியராக்கினார். விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்க்கும் பணியிலும் அவரையே துணையாகக் கொண்டார். பாதிரியார் அவரைத் தம் சமயத்துக்கு வருமாறு கட்டாயப்படுத்தவில்லை. இளைஞரும் நெற்றியில் திருநீற்றை விடவில்லை. இருவரிடையே இருந்த மதிப்பு உண்மையானது என்பதைச் சைவர்கள் மறத்தலாகாது.

அந்த மொழிபெயர்ப்பு வேலைதான் அவரை மாற்றியது. பிற சமய நூல் ஒன்றைச் சொல் சொல்லாக ஆராய்ந்த அவருக்கு இரண்டு செய்திகள் புலப்பட்டன. சைவக் கோயிலின் விளக்கையும் தூபத்தையும் நிவேதனத்தையும் மூடநம்பிக்கை என்று இகழ்வோரின் வேதத்திலேயே, இஸ்ரவேலரின் ஆலயத்தில் விளக்கும் தூபமும் பலியும் விதிக்கப்பட்டிருந்தன. பின்னர் 1854இல் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் இவ்வாதத்தை விரிவாக எடுத்துரைத்தது. மற்றொன்று கசப்பானது. பாதிரிமார் தம் நூலை நன்கு அறிந்திருந்தனர். சைவர்களோ தம் நூல்களை அறியாதிருந்தனர். கேள்வி கேட்டால் விடை கூற இயலாத பக்தன், எவ்வளவு அன்புடையவனாயினும், தன் பிள்ளையின் ஐயத்தைத் தீர்க்க மாட்டான்.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவருடைய முதற் பிரசங்கம் நிகழ்ந்தது. அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் தொடர்ந்தது. குறித்த நாளில், குறித்த பொருளைப்பற்றி, பொதுமக்கள் முன் நின்று பேசும் இம்முறையை அவர் மிஷன் பாடசாலையிலேயே கண்டிருந்தார். 1848இல் வண்ணார்பண்ணையிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அவ்வாண்டிலேயே பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலைப் பணியிலிருந்து விலகினார்.

மாதச் சம்பளத்தை விடுவது ஏட்டில் ஒரு வரி. வீட்டில் அது பெரும் புயல். தமையன்மார் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தனர். அவருடைய தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அதேபோன்ற பதவி கிடைப்பது அரிதன்று. குடும்பத்தின் பெருமை உத்தியோகத்தால் அளக்கப்பட்ட ஊரில், கற்றறிந்த இளையவர் சம்பளமின்றி, பாடசாலைக்காகப் பிறரிடம் கையேந்தி நின்றார். திருமணமும் வேண்டாம் என்றார். சைவமும் தமிழும் வளர்க்க இவை தடையாகும் என்பதே அவர் கருத்து. குடும்பம் தந்த தமிழையும் சமயத்தையும் காப்பதற்காகவே குடும்பம் எதிர்பார்த்த வாழ்வை அவர் கைவிட்டார்.

1849இல் அச்சியந்திரம் வாங்குவதற்காகத் தமிழகம் சென்றபோது, திருவாவடுதுறை ஆதீனத்தில் அவருடைய சொல்வன்மையைக் கண்டு நாவலர் என்னும் பட்டம் வழங்கினர். அச்சுக்கூடத்திலிருந்து பாலபாடங்கள் வெளிவந்தன. 1852இல் பெரியபுராணம் வசன வடிவில் வந்தது. 1861இல் பரிமேலழகர் உரையுடன் திருக்குறள் வந்தது. நிறுத்தக் குறிகளோடு கூடிய தெளிந்த உரைநடையைச் சாதாரண மக்களும் படிக்கலாயினர். வினாவும் விடையுமாகச் சமயத்தைக் கற்பிக்கும் முறை மிஷன் வகுப்புகளில் வழங்கியது. அதே முறையில் அவர் சைவ வினாவிடையை எழுதினார். இதனைச் சிலர் பின்பற்றல் என்பர். கருவி எங்கிருந்து வந்தால் என்ன? எதற்குப் பயன்பட்டது என்பதன்றோ நோக்கத்தக்கது.

சிதம்பரத்திலும் 1864இல் ஒரு வித்தியாசாலை நிறுவினார். 1872இல் வண்ணார்பண்ணையில் ஆங்கிலப் பாடசாலை ஒன்றையும் தொடங்கினார். பொருள் முட்டுப்பாட்டால் அது சில ஆண்டுகளில் மூடப்பட்டது. ஆங்கிலமும் வேண்டும், திருநீறும் வேண்டும் என்ற அவ்வெண்ணம் 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக நிலைபெற்றது.

அவர் கண்டனம் வெளியாருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. சிறுவயது முதல் வணங்கிய நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலேயே ஆகமத்துக்கு மாறானவை நிகழ்வதாக எழுதிப் பகை தேடிக்கொண்டார். இராமலிங்க சுவாமிகளின் பாடல்களைத் திருமுறைக்கு நிகராகக் கொள்ளலாகாது என்று வாதிட்டது 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இன்று இருவரையும் ஒரே பூசை அறையில் வைத்து வணங்குவோர் பலர்; அது நல்லதே.

ஒன்றில் மட்டும் அவர் தம் ஊரைத் தாண்டவில்லை. தாம் பிறந்த வேளாளர் குலத்தின் சாதி ஒழுக்கத்தை அவர் கேள்விக்கு உட்படுத்தவில்லை. சாத்திரத்தின் பெயரால் அதனை ஏற்று நின்றார். நல்லூர்க் கோயில் வழக்கத்தை நூல் கொண்டு உரசிப் பார்த்தவர், குலவழக்கத்தை அவ்வாறு பார்க்கவில்லை. அவர் போற்றி உரைநடையில் எழுதிய பெரியபுராணத்திலே திருநாளைப்போவாரும் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் இருக்கின்றனர். வாதத்தில் வல்லவரையும் சுற்றத்தாரின் வழக்கம் இவ்வாறு கட்டிவைத்தது. அவர் பெருமையைப் பேசும் மலர்கள் இதனை விட்டுவிடுவது வழக்கம். விட்டுவிட்டால் அவர் வரலாறு முழுமையாகாது.

1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தவர்க்கு உணவளித்தார். நிவாரணத்தில் அசட்டையாக இருந்த அதிகாரிகளையும் வெளிப்படையாகக் கண்டித்தார்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவின் இருப்புப் பாதைப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணிபுரிய யாழ்ப்பாணத்தார் வந்தனர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலும் சிங்கப்பூர் சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயிலும் அவர்கள் வளர்த்தவை. அலுவலகத்தில் ஆங்கிலமும் மாலையில் தேவாரமுமாக அவர்கள் வாழ முடிந்ததற்கு, உத்தியோகத்தைத் துறந்த ஒருவரின் உழைப்புக் காரணமாயிற்று. அவர்தம் பிள்ளைகளுக்கான சமய வகுப்புகளில் சைவ வினாவிடையே பாடநூலாக வழங்கிற்று.

1879ஆம் ஆண்டு ஆடிச் சுவாதியன்று, சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசையில், வண்ணார்பண்ணையில் அவர் செய்த பிரசங்கமே இறுதிப் பிரசங்கமாயிற்று. அதன்பின் உடல் நலிவுற்றார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் இரவு, கார்த்திகை மக நட்சத்திரத்தில், அன்பர்கள் சூழ்ந்து திருமுறை ஓதச் சிவபதம் அடைந்தார். அப்போது அவருக்கு வயது 57 நிறையவில்லை. கார்த்திகை மகத்தன்று இன்றும் அவருக்குக் குருபூசை நடைபெறுகின்றது.